அரை வினாடித் தயக்கம்

இரவு ஒன்பது மணிக்கு அக்கா ப்ளேசர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இடுப்புக்குக் கீழே கைலி. கேமரா கண் மட்டத்துக்கு வர வேண்டும் என்பதற்காக மடிக்கணினிக்கு அடியில் மூன்று தடித்த மருத்துவப் பாடநூல்கள். "படிச்சப்பகூட இதுங்க இவ்ளோ உதவியா இருந்ததில்ல" என்றாள். கிள்ளானில் இரவு ஒன்பது என்றால், நவம்பர் மாதத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை எட்டு. அங்கே ஒரு மருத்துவமனையில் மூன்று பேர் அவளுக்காகக் காத்திருந்தார்கள். ரெசிடென்சி எனப்படும் சிறப்பு மருத்துவப் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு.

வீட்டில் பொறியியல் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் மேடை நிர்வாகம் முழுக்க என் தலையில். கூடத்திலிருந்து அறைவரை லேன் கேபிள் இழுத்தேன். மேசை விளக்கை வெள்ளைத் தாளால் மூடி வெளிச்சத்தைத் தணித்தேன். அப்பாவின் டிவியை நிறுத்தினேன். அக்காவின் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்த முருகன் படத்தைக் கழற்றினேன். "சாமி என்னடா பண்ணுச்சு அவங்கள?" என்று அம்மா கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. 'பின்னணி வெறுமையாக இருக்கட்டும்' என்று ஏதோ ஓர் ஆலோசனைப் பட்டியலில் படித்திருந்தேன், அவ்வளவுதான். படம் போனதும் ஆணி மட்டும் சுவரில் தெரிந்தது.

இன்னொன்றும் செய்திருந்தேன். கேமராவைச் சுற்றி மஞ்சள் ஒட்டுத்தாள்களில் அவள் பேச வேண்டிய குறிப்புகளை எழுதி ஒட்டியிருந்தேன். எதிரில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அக்கா ஒவ்வொன்றாகக் கிழித்தாள். "எடுத்துரு லா. நாளைக்கு வார்டுல நோயாளி நெத்தியில ஒட்டி வச்சிருப்பாங்களா?"

ஒருவரைத் தேர்ந்தெடுக்க அவரை நேரில் பார்த்தாக வேண்டுமா? பார்க்காமலே தேர்ந்தெடுப்பது அநீதியா, பார்த்துத் தேர்ந்தெடுப்பது அநீதியா? அன்று இரவு எனக்குள் தொடங்கிய கேள்வி இது. அமெரிக்க மருத்துவ உலகம் 2020-லிருந்து இதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு அது நிர்வாகப் பிரச்சினை. எனக்கு அது நியாயத்தைப் பற்றிய பிரச்சினையாகப் படுகிறது.

*

முதலில் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் சிறப்பு மருத்துவராக வேண்டுமென்றால் துறையைப் பொறுத்து 3 முதல் 7 ஆண்டுகள் ரெசிடென்சி செய்ய வேண்டும். அந்த இடங்களை 1952 முதல் 'மேட்ச்' என்ற தேசியப் பொருத்த முறை நிரப்பிவருகிறது. நேர்முகத் தேர்வுகள் முடிந்தபின் விண்ணப்பதாரர் தனக்குப் பிடித்த மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவார். மருத்துவமனைகள் விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்தும். இரண்டு பட்டியல்களையும் கணினி பொருத்திப் பார்க்கும். 2024-ல் மட்டும் 41,000-க்கு மேற்பட்ட இடங்கள் இப்படி வழங்கப்பட்டன. மார்ச் மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை முடிவு வரும். அந்த முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். 'யோசிச்சுச் சொல்றேன்' என்பதெல்லாம் அங்கே கிடையாது.

2020-க்கு முன்னால் நேர்முகத் தேர்வுப் பருவம் என்றால் பறக்கும் பருவம். கல்விக் கடனில் மூழ்கியிருக்கும் மாணவர்கள் குளிர்காலத்தில் ஊர் ஊராகப் பறந்து, விடுதியில் தங்கி, ஒரே கோட்டை மறுபடி மறுபடி இஸ்திரி போட்டு, பத்துப் பதினைந்து மருத்துவமனைகளுக்குப் போய்வருவார்கள். ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். பெருந்தொற்று வந்தபோது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் எல்லாவற்றையும் காணொளிக்கு மாற்றச் சொன்னது. தொற்று அடங்கிய பிறகும் அந்தச் சங்கம் காணொளியையே ஊக்குவிக்கிறது. சில மருத்துவமனைகள் மட்டும் 'எங்களுக்கு ஆளை நேரில் பார்க்க வேண்டும்' என்று பழைய முறைக்குத் திரும்பின.

கிள்ளானிலிருந்து பார்த்தால் இதில் விவாதிக்கவே ஒன்றுமில்லை என்று தோன்றும். அக்கா இங்கே ஹவுஸ்மேன்ஷிப்பை முடித்தவள். 2016-ன் இறுதியில் ஒப்பந்த முறை வந்த பிறகு அரசு மருத்துவமனைகளில் சேர்ந்த தலைமுறை. 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் கறுப்பு உடையில் மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றார்களே, அந்தத் தலைமுறை. அமெரிக்கத் தேர்வுகளுக்கும் அங்கே ஒரு மாத அப்சர்வர்ஷிப்புக்கும் அவளுடைய சேமிப்பு ஏறக்குறைய கரைந்துவிட்டது. ரிங்கிட்டைச் சேர்த்து டாலரில் செலவழிப்பவர்களுக்குத்தான் அந்தக் கரைதலின் வேகம் தெரியும். நான்கு மருத்துவமனைகள் அவளை அழைத்தன. எல்லாம் நேரில் என்றிருந்தால் மறுபடி ஒரு விமானப் பயணம், உள்நாட்டு விமானங்கள், விடுதிகள், இங்கே கிடைக்காத விடுப்பு. காணொளி இல்லாவிட்டால் கதவே இல்லை.

ஆகவே காணொளிதான் நியாயம் என்று கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நேர்முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

*

அதற்கு முன் எதிர்த்தரப்பின் வாதத்தைக் கேட்கலாம். 'ஆளை நேரில் பார்த்தால்தான் தெரியும்.' இது அமெரிக்க மருத்துவர்கள் மட்டும் சொல்வதல்ல. நம் மாமாக்களும் சொல்வதுதான். "மூஞ்சப் பாத்தாலே சொல்லிருவேன்" என்று சொல்லாத பெரியவர் எந்தக் குடும்பத்தில் இல்லை? பெண் பார்க்கும் சடங்கே இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. ஒரு தட்டு கேசரி, ஒரு காப்பி, இருபது நிமிடம். அதில் அறுபது வருட வாழ்க்கையைத் தீர்மானித்துவிடலாம்.

இந்த நம்பிக்கையை எதிர்பாராமல் சோதித்துப் பார்த்த ஒரு சம்பவம் உண்டு. 1979-ல் ஹூஸ்டனில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி ஏறத்தாழ 800 பேரை நேர்முகம் கண்டு வரிசைப்படுத்தி, மேலிருந்து 150 பேரைச் சேர்த்துக்கொண்டது. அதன்பின் மாநிலச் சட்டமன்றம் இன்னும் 50 பேரைச் சேர்க்கச் சொன்னது. அதற்குள் பட்டியலின் நல்ல இடங்களில் இருந்தவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் கடைசி நூறில் இருந்தவர்கள்தான். அவர்களில் பெரும்பாலோரை வேறெந்த மருத்துவக் கல்லூரியும் எடுத்திருக்கவில்லை. வேறு வழியின்றி அவர்களிலிருந்து 50 பேர் சேர்க்கப்பட்டார்கள். பின்னர் இரு குழுக்களையும் ஒப்பிட்டு 1987-ல் ஆய்வு வெளியானது. படிப்பிலும் வார்டிலும் பட்டத்துக்குப் பிந்தைய முதலாண்டுப் பயிற்சியிலும் இரு குழுக்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. எண்ணூறு முகங்களை நேரில் பார்த்து எழுதிய வரிசை எதையும் முன்னறிந்து சொல்லவில்லை.

உளவியலாளர் டேனியல் கானமன் இளைஞராக இஸ்ரேலிய ராணுவத்தில் இருந்தபோது அங்கிருந்த நேர்முக முறையை மாற்றினார். பொதுவாகப் பேசிப் பார்த்து ஆளை எடைபோடுவதை நிறுத்திவிட்டு, ஆறு பண்புகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் நடந்த விஷயங்களை மட்டும் கேட்டுத் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொன்னார். நேர்முகம் செய்தவர்களுக்குக் கோபம். எங்களை இயந்திரமாக்குகிறீர்கள் என்றார்கள். சரி, எல்லாம் முடிந்தபின் கண்ணை மூடி உங்கள் உள்ளுணர்வு மதிப்பெண்ணையும் போடுங்கள் என்றார். பிற்பாடு பார்த்தால் புதிய முறை பழையதைவிட மேலாக இருந்தது. கடைசியில் கண்ணை மூடிப் போட்ட மதிப்பெண்ணும் அதே அளவு பயன்பட்டது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வரிசைமுறை. உள்ளுணர்வு பொய் இல்லை. ஆனால் வேலையைச் செய்து முடித்த பிறகுதான் அதற்குப் பேசும் உரிமை வருகிறது.

திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்றோர் அதிகாரம் இருக்கிறது. அது முகத்தை நம்புகிறது. நெஞ்சில் இருப்பதை முகம் காட்டும் என்கிறது. அதே பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்' என்ற அதிகாரமும் இருக்கிறது. பொறுப்பை ஒப்படைக்க ஆளைத் தேரும் இடம் அது. அங்கே உரைகல்லாகச் சொல்லப்படுவது முகமல்ல, அவரவர் செயல். பள்ளியில் இரண்டையும் மனப்பாடம் செய்தபோது இந்த வேறுபாடு எனக்கு உறைக்கவில்லை. எதிரில் நிற்பவர் இந்தக் கணத்தில் கோபமாக இருக்கிறாரா, சோர்வாக இருக்கிறாரா என்பதை முகம் சொல்லும். மூன்று ஆண்டுகள் இரவுப் பணி பார்த்த பிறகும் நோயாளியிடம் பொறுமையாகப் பேசுவாரா என்பதை அதனால் சொல்ல முடியாது. நேர்முகத் தேர்வில் நாம் முதல் கேள்விக்கான விடையைப் பார்த்துவிட்டு, இரண்டாம் கேள்விக்கு மதிப்பெண் போடுகிறோம்.

இதுவரை சொன்னதெல்லாம் நேர்முகத்தின் மேலுள்ள குற்றச்சாட்டுதான். நேரில் பார்ப்பது கைவிட்டதை காணொளி மட்டும் எப்படிக் காப்பாற்றும்?

*

காப்பாற்றவில்லை. அதை அன்று கண்ணால் பார்த்தேன்.

நான் கேமராவுக்குத் தெரியாமல் தரையில் உட்கார்ந்திருந்தேன். கேள்வி முடிந்தவுடனே அக்கா பதில் சொல்லத் தொடங்குகிறாள். துளி இடைவெளி இல்லை. ஆனால் திரையில் இருப்பவர் காத்திருக்கிறார். புருவம் லேசாக உயர்கிறது. பதில் வரவில்லை என்று நினைத்து கேள்வியை வேறு மாதிரி கேட்கத் தொடங்குகிறார். அதற்குள் அக்காவின் குரல் அங்கே போய்ச் சேர்கிறது. இரண்டு குரல்கள் மோதுகின்றன. இருவரும் மன்னிப்புக் கேட்டு, இருவரும் நிறுத்தி, இருவரும் ஒரே நேரத்தில் மறுபடி தொடங்குகிறார்கள். முப்பது நிமிடத்தில் இது ஏழெட்டு முறை நடந்தது.

கணக்கு எளிது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீட்டர் போகும். கிள்ளானுக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். ஒரு பக்கம் போகவே குறைந்தது 75 மில்லி விநாடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை. வழியில் கருவிகள், இரு முனைகளிலும் படத்தையும் ஒலியையும் சுருக்கி விரிக்கும் மென்பொருள். எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத் தாமதம் சாதாரணமாக கால் வினாடியைத் தொட்டுவிடும். அங்கிருந்து கேள்வி வர ஒருமுறை, இங்கிருந்து பதில் போக ஒருமுறை. அக்கா உடனே பதில் சொன்னாலும் அவர்களுக்கு அது அரை வினாடித் தயக்கமாகவே போய்ச் சேரும். எவ்வளவு நல்ல ரவுட்டர் வாங்கினாலும் ஒளியின் வேகத்தைக் கூட்ட முடியாது.

அரை வினாடிதானே? 2009-ல் 10 மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்குவதற்கு இடையே சராசரியாக ஏறத்தாழ 200 மில்லி விநாடிதான் இருக்கிறது என்று காட்டியது. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் அந்தத் தாளம் மனிதருக்குப் பொதுவானது. அதற்கு மேல் நீளும் மௌனத்துக்கு நாம் அர்த்தம் கொடுக்கத் தொடங்குகிறோம். யோசிக்கிறார், தெரியவில்லை, விருப்பமில்லை, மறைக்கிறார். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் நல்லது என்கிறது. பல்கலைக்கழகத்தில் இந்த எண்ணைத் தேர்வுக்காகப் படித்திருக்கிறேன். 2014-ல் வெளியான ஜெர்மன் ஆய்வாளர்களின் ஆய்வொன்றில், இணைப்பில் செயற்கையாகத் தாமதம் கூட்டப்பட்டபோது, பேசியவர்கள் குறையை இணைப்பின் மேல் போடவில்லை. எதிரில் இருப்பவர் கவனமில்லாதவர், அவ்வளவு நட்பானவர் அல்லர் என்று மனிதர் மேல் போட்டார்கள்.

தரையில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது ஒரு பையனின் ஞாபகம் வந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த இடத்தில் தொழிற்பயிற்சி மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் ஒருவன். எல்லாம் காணொளியில். ஒரு பையன் பஹாங்கின் உட்பகுதியிலிருந்து கைப்பேசி வழியாகப் பேசினான். படம் அடிக்கடி உறைந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் இடைவெளி விட்டு, பிறகுதான் பதில். சில பதில்களின் தொடக்கமே காணாமல் போனது. மதிப்பெண் தாளில் 'தன்னம்பிக்கை' என்ற கட்டத்தில் ஐந்துக்கு இரண்டு போட்டேன். குறிப்பு எழுதும் இடத்தில் 'தயங்கித் தயங்கிப் பேசுகிறார்' என்று எழுதினேன். அவன் தேர்வாகவில்லை. என் இரண்டு மதிப்பெண்தான் காரணமா என்று தெரியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

தாமதத்தைப் பற்றிப் படித்தவன் நான். அதைக் கணக்குப் போடத் தெரிந்தவன் நான். அந்த அறையிலிருந்த மூவரில், அது வலைத்தொடர்பின் தயக்கம், பையனின் தயக்கமல்ல என்று சொல்லியிருக்க வேண்டியவனும் நான்தான். பட்டப்படிப்பில் கற்றது எதுவும் அந்த நிமிடத்தில் எனக்குக் கைகொடுக்கவில்லை. ஏனென்றால் நான் அப்போது பொறியாளனாக உட்கார்ந்திருக்கவில்லை. ஆள் பார்க்கும் மாமாவாக உட்கார்ந்திருந்தேன்.

*

காணொளியின் இன்னொரு சிறு கொடுமை கண். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் திரையைப் பார்க்க வேண்டும். ஆனால் திரையைப் பார்த்தால் அவருக்கு நீங்கள் கீழே பார்ப்பதாகத் தெரியும். அவரைப் பார்ப்பதுபோல் தெரிய வேண்டுமென்றால் அவரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, மேலே இருக்கும் கறுப்புப் புள்ளியைப் பார்க்க வேண்டும். அக்கா அதைப் பயிற்சி செய்தாள். முப்பது நிமிடம் யாரையும் பார்க்காமல், எல்லோரையும் பார்ப்பவளாகத் தெரிந்தாள். 'நல்ல கண் தொடர்பு' என்று அவர்கள் எழுதியிருக்கக்கூடும்.

லெவினாஸை வாசித்த நண்பர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். முகத்துக்கு முன் நிற்பதில்தானே அறம் தொடங்குகிறது, திரை அதைக் கொன்றுவிடுகிறதே என்பார்கள். ஆனால் லெவினாஸ் சொல்லும் முகம் கண்ணால் அளக்கும் முகமல்ல. மற்றவரைச் சந்திக்கச் சிறந்த வழி அவருடைய கண்ணின் நிறத்தைக்கூடக் கவனிக்காமலிருப்பது என்பது அவர் பேட்டி ஒன்றில் சொன்ன கருத்து. நேர்முகத் தேர்வு செய்வது நேரெதிர். கண்ணின் நிறம், கைகுலுக்கும் அழுத்தம், உச்சரிப்பு, உடல் பருமன் எல்லாமே நேரில் மதிப்பெண்ணாக மாறும். திரையில் உயரமும் பருமனும் மறையும். அதற்குப் பதில் வீடு தெரியும். சுவர் தெரியும். பக்கத்து வீட்டு நாய் கேட்கும். பணப்பையிலிருந்த ஏற்றத்தாழ்வு வீட்டுச் சுவருக்கு இடம் மாறியிருக்கிறது. முருகன் படத்தை நான் கழற்றியது அதனால்தான்.

ஆக, இரண்டு வழியிலும் இரைச்சல் இருக்கிறது. என்ன வேறுபாடு என்றால் அந்த இரைச்சலுக்கான விலையை யார் கட்டுகிறார்கள் என்பதுதான். நேர்முகப் பயணம் ஏழையை வாசலிலேயே நிறுத்துகிறது. காணொளி தூரத்தில் இருப்பவரை உள்ளே விட்டுவிட்டு, அவர் மதிப்பெண்ணில் அரை வினாடியைக் கழித்துக்கொள்கிறது. இரண்டாவது அநீதி முதலாவதைவிடச் சிறியது என்றே நினைக்கிறேன். ஆனால் முதலாவது கண்ணுக்குத் தெரியும், ரசீது இருக்கும். இரண்டாவதுக்கு ரசீது இல்லை. கட்டியவருக்கே தெரியாது.

*

செலவு இல்லாமல் போனதில் இன்னொரு சிக்கலும் வந்தது. பறக்க வேண்டியிருந்த காலத்தில் ஒருவர் பத்துப் பதினைந்துக்கு மேல் போக முடியாது. காணொளியில் எத்தனை அழைப்பு வந்தாலும் ஏற்கலாம். மதிப்பெண் அதிகமுள்ளவர்கள் அழைப்புகளைக் குவித்து வைத்துக்கொண்டால் நடுத்தர விண்ணப்பதாரருக்கு அழைப்பே வராமல் போகும் என்ற கவலை எழுந்தது. மருத்துவமனைகளுக்கு வேறு கவலை. இவ்வளவு பேரில் உண்மையிலேயே எங்களிடம் வர விரும்புபவர் யார்? முன்பெல்லாம் பனியில் பறந்து வந்து நின்றதே அதற்கு அத்தாட்சி.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எனக்குப் பிடித்திருக்கிறது. 2020-ல் காது மூக்கு தொண்டைத் துறையில் தொடங்கி, பிறகு பல துறைகளுக்குப் பரவியது. ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் சம எண்ணிக்கையில் சில 'சமிக்ஞைகள்' தரப்படும். விண்ணப்பிக்கும்போதே தனக்கு உண்மையில் விருப்பமுள்ள இடங்களுக்கு அவற்றை அனுப்பலாம். எலும்பியல் துறையில் ஒருவருக்கு 30 சமிக்ஞைகள்வரை கொடுத்தார்கள். விமானச் சீட்டு இரண்டு விஷயங்களை ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தது: எனக்கு விருப்பமிருக்கிறது, என்னிடம் பணமிருக்கிறது. சமிக்ஞை அந்த இரண்டையும் பிரித்துவிட்டது. விருப்பத்தைச் சொல்ல ஏதாவது ஒன்றை இழந்துதான் ஆக வேண்டும். ஆனால் இழப்பது பணமாக இருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் இந்த விவாதத்தில் நான் கற்ற மிகத் தெளிவான பாடம் இதுதான். நேரில் சந்திப்பதில் நாம் மதிக்கும் பல விஷயங்களை, அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அநீதியிலிருந்து கழற்றி எடுக்க முடியும், கொஞ்சம் யோசித்தால்.

எல்லாவற்றையும் கழற்றி எடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

*

இதுவரை நான் எழுதியதைத் திரும்பப் படித்தால் ஒரு குறை தெரிகிறது. மருத்துவமனைகள் அக்காவை எப்படிப் பார்ப்பது நியாயம் என்றே பேசிக்கொண்டிருக்கிறேன். அக்கா அவர்களைப் பார்க்க வேண்டாமா?

இந்தப் பொருத்த முறைக்குப் பின்னால் ஓர் அழகான கணிதம் இருக்கிறது. டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962-ல் எழுதிய கட்டுரை கல்லூரிச் சேர்க்கையையும் கல்யாணப் பொருத்தத்தையும் ஒரே கணக்காகப் பார்த்தது. ஆல்வின் ராத் அந்தக் கணக்குக்கும் மருத்துவர் பொருத்த முறைக்குமுள்ள உறவைக் காட்டினார். 1998-ல் நடைமுறைக்கு வந்த புதிய வழிமுறையை எலியட் பெரான்சனோடு சேர்ந்து வடிவமைத்தார். ஷாப்லிக்கும் ராத்துக்கும் 2012-ல் பொருளியல் நோபல் கிடைத்தது. இந்த வழிமுறை விண்ணப்பதாரருக்குத் தரும் முக்கியமான வாக்குறுதி, நீ உன் உண்மையான விருப்பத்தை அப்படியே எழுதலாம் என்பது. 'அந்த இடம் கிடைக்காது, முதலில் போட்டு வீணாக்காதே' என்று தந்திரம் செய்யத் தேவையில்லை. உண்மை சொல்பவர் அதனால் தோற்பதில்லை. இப்படி நேர்மையைக் காக்கும் ஏற்பாடுகள் உலகில் அதிகமில்லை.

ஆனால் உண்மையான விருப்பத்தை அது காக்கும், உருவாக்கித் தராது. எனக்கு எது பிடிக்கும் என்று தெரிய நான் பார்த்திருக்க வேண்டும். அக்கா பார்த்தது என்ன? ஒவ்வொரு மருத்துவமனையும் தயாரித்த ஓர் அறிமுகக் காணொளி. ட்ரோனில் எடுத்த கட்டடம். சிரிக்கும் ரெசிடென்ட்கள். அவர்களிடம் அவளுடைய மதிப்பெண்கள், பரிந்துரைக் கடிதங்கள், அவள் எழுதிய கட்டுரை, முப்பது நிமிட முகம் எல்லாம் இருந்தன. அவளிடம் ஒரு விளம்பரம் இருந்தது. அதை நம்பி அவள் மூன்று ஆண்டுகளைக் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு 80 மணி நேரம்வரை வேலை வாங்க அங்கே விதி இடம் கொடுக்கிறது. விழித்திருக்கும் வாழ்க்கையில் பெரும்பகுதி.

நேரில் போயிருந்தால்? நேர்முக அறைக்குப் போகும் தாழ்வாரம் இருந்திருக்கும். பெரிய மருத்துவர் தாதியிடம் எந்தக் குரலில் பேசுகிறார் என்பது கேட்டிருக்கும். மதியம் ரெசிடென்ட்கள் சேர்ந்து சாப்பிடுகிறார்களா என்பது தெரிந்திருக்கும். யாரும் காட்ட நினைக்காததுதான் உண்மையைக் காட்டும். திரையில் அப்படிப்பட்ட எதற்கும் இடமில்லை. அங்கே சட்டகத்துக்குள் வருவது எல்லாமே யாரோ வைத்தது. நாங்கள் முருகனைக் கழற்றினோம். அவர்கள் எதைக் கழற்றினார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

ஆக, நேரில் பார்ப்பதை இழந்ததால் உண்மையில் நஷ்டப்பட்டது யார்? தேர்ந்தெடுப்பவர் அல்லர். ஹூஸ்டன் கதையின்படி அவர் நேரில் பார்த்தும் பெரிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. நஷ்டப்பட்டது தேர்ந்தெடுக்கப்படுபவர். ஆனால் 'நேரில் வாருங்கள்' என்று குரல் கொடுப்பது பெரும்பாலும் முதல் தரப்பு.

'விருப்பமுள்ளவர்கள் நேரில் வரலாம், மற்றவர்கள் காணொளியில் வரலாம்' என்ற சமரசம் நல்லதுபோல் ஒலிக்கிறது. எனக்கு அதுதான் மிக மோசமானதாகத் தெரிகிறது. வந்தவரின் முகம் மேசைக்கு எதிரில் இருக்கும், வராதவரின் முகம் அரை வினாடி தள்ளியிருக்கும். வராததற்கு 'ஆர்வமில்லை' என்று காரணமும் எழுதப்படும்.

இதைவிட மேலான ஒன்றைச் சில மருத்துவமனைகள் செய்கின்றன. எல்லோருக்கும் காணொளியில் மட்டுமே நேர்முகம். பிறகு மருத்துவமனை தன் பட்டியலை முடித்துப் பூட்டிவிடுகிறது. அதற்குப் பின்தான் விருப்பமுள்ள விண்ணப்பதாரர் நேரில் வந்து சுற்றிப் பார்க்கலாம். வந்தாலும் வராவிட்டாலும் மருத்துவமனையின் வரிசை மாறாது. பார்க்கும் உரிமை இப்போது பலவீனமான தரப்பிடம் மட்டும் இருக்கிறது. பெண் பார்க்க வந்தவர்கள் தங்கள் சம்மதத்தை எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள், இனி பெண் போய் மாப்பிள்ளை வீட்டின் சமையலறையை எட்டிப் பார்க்கலாம் என்பதுபோல. கிள்ளானிலிருந்து போய்ப் பார்க்க இதற்கும் விமானச் சீட்டு வேண்டும்தான். ஆனால் போகாததற்காகத் தண்டிக்கப்படமாட்டாள் என்பது சிறிய விஷயமல்ல.

ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருக்கு நாம் கடன்பட்டிருப்பது என்ன என்று கேட்டால், நேரில் பார்ப்பது என்று இப்போது சொல்லமாட்டேன். இரண்டு விஷயங்களைச் சொல்வேன். இணைப்பின் குறையை, மழையை, சுவரின் நிறத்தை அவர் கணக்கில் எழுதாமலிருப்பது. நாம் அவரைப் பார்க்கும் அளவுக்கு அவரும் நம்மைப் பார்க்க வழிவிடுவது.

இப்போதும் வேலையிடத்தில் ஆள் தேர்வுக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். தொடக்கத்திலேயே, இணைப்பில் தாமதம் இருக்கும், பொறுமையாகப் பேசலாம் என்று சொல்லிவிடுகிறேன். 'தன்னம்பிக்கை' என்ற கட்டத்தை எடுத்துவிடச் சொன்னேன். எடுக்கவில்லை. நான் அதை நிரப்புவதில்லை. கடைசிப் பத்து நிமிடம் அவர்கள் எங்களைக் கேள்வி கேட்கும் நேரம் என்று ஒதுக்கியிருக்கிறோம். இதெல்லாம் அந்தப் பஹாங் பையனுக்கு எந்த விதத்திலும் உதவாது என்பது எனக்குத் தெரியும்.

*

மார்ச் மாத வெள்ளிக்கிழமை நண்பகல் அங்கே முடிவு வந்தபோது இங்கே சனிக்கிழமை பிறக்கும் நள்ளிரவு. அக்காவுக்கு இடம் கிடைத்தது, அவள் பட்டியலில் இரண்டாவதாக எழுதிய மருத்துவமனை. அம்மா அழுதார். அப்பா டிவியைப் போட்டுவிட்டு உடனே நிறுத்தினார். அடுத்த நாள் காலை முருகன் படம் பழைய ஆணிக்குத் திரும்பியது.

ஜூலையில் வேலை தொடங்கியது. ஆகஸ்டில் ஓர் இரவு கூப்பிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். நிறைய கற்றுக்கொள்கிறாளாம். பிறகு, "இங்க யாரும் யார்கூடவும் உக்காந்து சாப்பிடமாட்டாங்கடா. ஆளாளுக்குப் பெட்டிய எடுத்துக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி போயிருவாங்க. அந்த வீடியோல எல்லாரும் சேந்து பீட்சா சாப்பிட்டாங்களே, ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு மத்தியானம் அந்தக் கேண்டீன்ல உக்காந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"அப்போ நேர்ல போயிருந்தா லிஸ்ட்ல இத ரெண்டாவதா போட்டிருக்கமாட்டியா?" என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. அது இணைப்பா, அக்காவா என்று எனக்குத் தெரியவில்லை. கேள்வியை மாற்றிக் கேட்காமல் காத்திருந்தேன்.

"நேர்லதான் வரணும்னு சொல்லியிருந்தா," என்றாள், "லிஸ்ட்டே இருந்திருக்காதுடா."